விசில் கெட்டில்: ஊதுவதும் ஊதாமல் போவதும்

விசில் கெட்டில் வாங்குவது எப்படி என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஏகப்பட்ட கட்டுரைகள், வீடியோக்கள். ஒரு வாரம் உட்கார்ந்து வரிசையாகப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் அச்சு ஒன்றுதான். எத்தனை லிட்டர், எவர்சில்வரா செம்பா எனாமலா, கைப்பிடி சுடுமா, சமையலறை நிறத்துக்கு எடுப்பாக இருக்குமா என்று போய், கடைசியில் ஒரு வரி வரும்: நல்ல சத்தமாக விசில் அடிக்கும். அதோடு முடிந்தது.

என் புகார் அந்தக் கடைசி வரி மேல்தான். விசிலைக் கழற்றிவிட்டால் இந்தப் பாத்திரம் மூக்கு வைத்த ஒரு சட்டி. வெந்நீர் போட ஏற்கெனவே வீட்டில் நாலு சட்டி இருக்கிறது. விசிலுக்காகத்தான் தனியாகக் காசு கொடுக்கிறோம். அப்படியானால் விமர்சிக்க வேண்டியது விசிலைத்தானே? எப்போது ஊதும், யாருக்குக் கேட்கும், ஊதாமல் போனால் என்ன ஆகும் என்ற மூன்று கேள்வியையும் நான் பார்த்த வழிகாட்டிகள் எதுவும் தொடவில்லை. தென்காசியில், கேஸ் அடுப்பும் போர் தண்ணியும் வயசான அம்மாவும் உள்ள ஒரு வீட்டிலிருந்து அந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கிறேன்.

கெட்டிலில் நாம் என்ன வைக்கிறோம்?

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். நம்ம ஊர் டீ பால் டீ. அதைக் கெட்டிலில் போட முடியாது. பால் பொங்கும், அடியில் பிடிக்கும், ஆடையும் நுரையும் ஏறி விசில் துளையை அடைக்கும். எனவே "டீ கெட்டில்" என்ற பெயரே இங்கே பாதி பொய். நம்ம வீடுகளில் அது வெந்நீர் கெட்டில். குடிக்க, கட்டன் சாயா போட, சுக்கு மல்லிக்கு, ராத்திரி மாத்திரை விழுங்க. ஜூன் தொடங்கி செப்டம்பர் வரைக்கும் குற்றாலத்தில் சீசன், தென்காசி முழுக்கச் சாரல். அந்த மாதங்களில் எங்க வீட்டில் ஒரு நாளைக்கு ஐந்தாறு தடவை வெந்நீர் ஏறும்.

இதில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. பாலை அடுப்பில் வைத்தால் யாரும் நகர மாட்டார்கள். பொங்கிவிடும் என்ற பயம் பக்கத்திலேயே நிறுத்தி வைக்கும். வெந்நீர் வைத்தவர்கள் அப்படியே நடந்து போய்விடுவார்கள். வெறும் தண்ணிதானே. விசில் தேவைப்படுவது இங்கேதான். கொதிப்பதை அடுப்படியில் நிற்பவருக்குச் சொல்ல விசில் வேண்டாம். நம் பெண்கள் காதாலேயே சமைத்தவர்கள். உலை முதலில் இரையும், அப்புறம் சலசலக்கும், கடைசியில் தளதளவென்று கொதிக்கும். இரைச்சலுக்குக் காரணம், அடியில் உருவாகும் நீராவிக் குமிழிகள் மேலே உள்ள சூடு குறைந்த தண்ணீரில் பட்டு நொறுங்குவது. முழுக் கொதிநிலை வரும்போது குமிழிகள் உடையாமல் மேலே வந்துவிடும், இரைச்சல் தணிந்து தளதளப்பு ஆரம்பிக்கும். தண்ணீர் தானாகவே எல்லாவற்றையும் சொல்கிறது. ஆனால் அந்தச் சத்தம் பட்டாசாலை வரைக்கும் எட்டாது. எட்ட வைப்பது ஒன்றுதான் விசிலின் வேலை.

ஊதுவது எப்படி?

கெட்டில் விசிலைப் பார்த்திருப்பீர்கள். சின்ன இடைவெளி விட்டு இரண்டு தகடுகள், இரண்டிலும் நேருக்கு நேர் துளை. இது ஏன் ஊதுகிறது என்று 19-ம் நூற்றாண்டிலேயே ரேலி பிரபு யோசித்திருக்கிறார். அளந்து பார்த்து முழு விளக்கம் சொன்னது 2013-ல்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பொறியியல் துறையின் ராஸ் ஹென்றிவுட், அனுராக் அகர்வால் இருவரும் "பிசிக்ஸ் ஆஃப் ஃப்ளூயிட்ஸ்" இதழில் எழுதினார்கள். சுருக்கம் இது: நீராவி மெதுவாக வரும்போது விசில், வாய் குறுகிய பாட்டிலின் மேல் ஊதினால் வருவது போன்ற ஒத்ததிர்வைத் தருகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும், வெளியேறும் நீராவியில் உண்டாகும் சுழல்கள் ஒலியை எழுப்புகின்றன. அப்போது சுருதியைத் தீர்மானிப்பதில் மூக்குக் குழாயின் நீளத்துக்கும் பங்கு உண்டு.

நமக்கு இதில் முக்கியமான வார்த்தை "வேகம்". நீராவி போதிய வேகத்தில் வந்தால்தான் ஊதும். ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். அடுப்பிலிருந்து தண்ணீருக்குள் 1 கிலோவாட் வெப்பம் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிராம் கொதிநீரை ஆவியாக்க 2257 ஜூல் வேண்டும். ஆக நொடிக்கு சுமார் 0.44 கிராம் ஆவி. 100 டிகிரியில் அதன் கன அளவு ஏறக்குறைய 0.74 லிட்டர். விசில் துளை 5 மில்லிமீட்டர் விட்டம் என்றால் பரப்பு சுமார் 20 சதுர மில்லிமீட்டர். எல்லா ஆவியும் அதன் வழியாகப் போனால் வேகம் நொடிக்கு 37 மீட்டர், மணிக்கு 130 கிலோமீட்டருக்கு மேல். பிரமாதமாக ஊதும். அடுப்பைச் சிம்மில் வைத்து 0.3 கிலோவாட் மட்டும் போனால்? நொடிக்கு 11 மீட்டர். கொதித்துக்கொண்டேதான் இருக்கும். ஊதினால் ஊதலாம், பல கெட்டில்களில் வெறும் "புஸ்" சத்தத்தோடு சரி. கேஸை மிச்சம் பிடிக்கச் சிம்மில் வைத்துவிட்டுப் போவது நம் வீடுகளில் சாதாரணம். விசில் கெட்டிலில் அது விசிலையே அணைத்துவிட்டுப் போவதற்குச் சமம்.

மூடிதான் விசில்

மேலே "எல்லா ஆவியும் அதன் வழியாகப் போனால்" என்று ஒரு நிபந்தனை போட்டேன். உண்மையில் அப்படிப் போகிறதா?

மூடியின் விட்டம் 8 சென்டிமீட்டர் என்று எடுத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 251 மில்லிமீட்டர். மூடிக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு ஏ4 தாளின் தடிமன், அதாவது 0.1 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் மொத்தப் பரப்பு 25 சதுர மில்லிமீட்டர். விசில் துளையை விட அதிகம்! குறுகிய இடுக்கில் உராய்வு கூடுதல், படிந்த நீர்த்துளிகளும் கொஞ்சம் அடைக்கும், எனவே ஆவி பாதிக்குப் பாதி போய்விடாது என்பது சரிதான். ஆனாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாள் இடைவெளி விசிலோடு போட்டி போடும் அளவுக்குப் பெரியது. புதிதில் நன்றாக ஊதிய கெட்டில் ஒரு வருஷத்தில் முனகத் தொடங்குவதற்கு விசிலை விட மூடிதான் பெரும்பாலும் காரணம். ஒரு தடவை கீழே விழுந்து விளிம்பு நெளிந்தால் போதும்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்ஜ் கதவின் ரப்பரைப் பார்க்க ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பார்ப்பார்களே, அதே வித்தை. ஒரு தாள் துண்டை விளிம்பில் வைத்து மூடியை அழுத்தி மூடி, இழுங்கள். நான்கு திசையிலும் செய்யுங்கள். எங்காவது வழுக்கிக்கொண்டு வந்தால் அந்தக் கெட்டில் வேண்டாம். அடுத்து, மூடிய கெட்டிலைக் கவிழ்த்து லேசாக ஆட்டுங்கள். மூடி லொடலொட என்றால் அதுவும் வேண்டாம். இரண்டும் சேர்த்து ஒரு நிமிஷ வேலை. பாத்திரக்கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மூடியே இல்லாத கெட்டில்களும் உண்டு. மூக்கு வழியாகவே தண்ணி பிடிக்க வேண்டும். விசிலைப் பொறுத்தவரை இதுதான் சிறந்த அமைப்பு, கசிய வேறு வழியே கிடையாது. ஆனால் உள்ளே கை போகாது. இந்தக் குறை எவ்வளவு பெரியது என்பது உங்க வீட்டுத் தண்ணியைப் பொறுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

யாருக்குக் கேட்க வேண்டும்?

போன வருஷம் உறவினர் ஒருவர் எங்க அம்மாவுக்கு ஒரு விசில் கெட்டில் வாங்கிக் கொடுத்தார். அம்மாவுக்கு 74 வயசு. வெந்நீர் வைத்துவிட்டுப் பட்டாசாலையில் உட்கார்ந்திருக்கிறார். கெட்டில் ஊதியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெண் காம்பவுண்ட் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து, "ஆச்சி, என்னமோ ஊதுது பாருங்க" என்று கத்தின பிறகுதான் அம்மா எழுந்து போயிருக்கிறார். நான் வந்து கேட்டபோது, "ஏ ஐயா, குக்கர் சத்தம் நல்லா கேக்கு. இது ஊதினதே எனக்குத் தெரியல" என்றார்.

இதில் வினோதம் ஒன்றுமில்லை. போனில் ஒலி அலைவரிசை காட்டும் ஆப் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கெட்டிலின் சத்தம் 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஊசி மாதிரி ஒரே கோடு. வயசாகும்போது காது முதலில் இழப்பது உயர்ந்த சுருதிகளைத்தான். குக்கர் வெயிட் தூக்கி விடும் சத்தம் அப்படி இல்லை. "உஸ்ஸ்" என்று பல அலைவரிசைகளில் பரவிய இரைச்சல், கூடவே வெயிட் ஆடும் கடகடப்பு. ஒரு பகுதி கேட்காவிட்டாலும் இன்னொரு பகுதி கேட்கும்.

இதைத் தீயணைப்புத் துறைக்காரர்கள் நமக்கு முன்பே புரிந்துகொண்டார்கள். அமெரிக்காவில் வீட்டுப் புகை எச்சரிக்கைக் கருவிகள் நெடுங்காலமாக 3000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட கீச்சொலியைத்தான் எழுப்பிவந்தன. வயசானவர்களும் காது மந்தமானவர்களும் அதற்கு எழுந்திருப்பதில்லை, 520 ஹெர்ட்ஸ் தாழ்ந்த ஒலிக்கு எழுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டின. அதனால் என்.எஃப்.பி.ஏ. 72 என்ற அந்த நாட்டு விதித்தொகுப்பு, விடுதி அறைகள் போன்ற தூங்கும் இடங்களில் 2014 முதல் 520 ஹெர்ட்ஸ் ஒலியைக் கட்டாயமாக்கியது. உயிர் போகும் விஷயத்தில் சுருதியை மாற்றினார்கள். கெட்டில் செய்கிறவர்கள் இன்னும் "சத்தம் அதிகம்" என்று மட்டும் அட்டையில் அச்சடிக்கிறார்கள். எத்தனை சத்தம் என்பதை விட எந்தச் சுருதி என்பது முக்கியம். வாங்கித் தருவது அப்பா அம்மாவுக்கு என்றால் இன்னும் முக்கியம்.

ஒலியைக் கவனித்துச் செய்த கெட்டிலும் இருக்கிறது. இத்தாலியின் அலெஸ்ஸி நிறுவனத்துக்காக ரிச்சர்ட் சாப்பர் 1983-ல் வடிவமைத்தது. அதில் விசிலுக்குப் பதிலாக இரண்டு பித்தளைக் குழல்கள், மி, சி என்ற இரண்டு சுரங்களுக்குச் சேர்க்கப்பட்டவை. கீச்சென்று ஒரே கோடாக ஊதாமல் இரண்டும் இணைந்து ஒலிக்கும். அதே நிறுவனத்துக்கு மைக்கேல் கிரேவ்ஸ் 1985-ல் செய்த, மூக்கில் சிவப்புப் பறவை உட்கார்ந்திருக்கும் கெட்டில் இதை விடப் புகழ்பெற்றது. வடிவமைப்பு வரலாற்றில் இரண்டுக்கும் இடம் உண்டு. என் கண்ணுக்கு சாப்பருடையது ஒரு படி மேல். அவர் கேட்பவரின் காதை யோசித்திருக்கிறார், கிரேவ்ஸ் பார்ப்பவரின் கண்ணை. ஆனால் இரண்டுமே நம்ம ஊரில் ஒரு நல்ல கேஸ் அடுப்பின் விலையைத் தாண்டும். ஒரு நல்ல எண்ணம் இந்த விலையில் அலமாரியில்தான் உட்கார முடியும், அடுப்பில் இல்லை.

ஊதாமல் போனால்?

என் தொழில் மென்பொருள். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று கண்காணிக்க எங்களிடம் இரண்டு வழி உண்டு. ஒன்று, பிரச்சினை வந்தால் சர்வர் கத்த வேண்டும். இன்னொன்று, நன்றாக இருக்கும் வரைக்கும் நிமிஷத்துக்கு ஒரு தரம் "இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் பிரச்சினை. இரண்டாவதை ஹார்ட்பீட், நாடித்துடிப்பு, என்போம். முதல் வழியில் ஒரு ஓட்டை இருக்கிறது. கத்த வேண்டியதே செத்துப்போனால்? மௌனம் வரும். நல்ல நிலைமைக்கும் அதே மௌனம்தான்.

விசில் கெட்டில் முதல் வகை. அது மௌனமாக இருந்தால் நான்கு அர்த்தம் இருக்கலாம். இன்னும் கொதிக்கவில்லை. மூடி கசிகிறது. மூக்கின் மடிப்பு சரியாக மூடவில்லை. அல்லது ஊதி முடித்து, தண்ணி வற்றி, காய்ந்துகொண்டிருக்கிறது. பட்டாசாலையில் இருப்பவருக்கு நான்கும் ஒன்றுதான்.

நம் சமையலறை இந்தப் பிரச்சினைக்கு எப்போதோ பதில் கண்டுபிடித்திருக்கிறது. இட்லிப் பானையில் அடித் தண்ணியில் ஒரு காசைப் போடுவார்கள், நீங்களும் பார்த்திருப்பீர்கள். தண்ணி கொதிக்கும் வரைக்கும் காசு கடகடவென்று ஆடிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றால் தண்ணி வற்றிவிட்டது, ஓடிப்போய்ப் பார். ஆரியங்காவு தாண்டி மலையாளக் கரைக்குப் போனால் பழைய சாயாக் கடைச் சமோவரிலும் இதே மாதிரி நாணயம் போட்ட கதையைச் சொல்வார்கள். பச்சைத் தண்ணி ஊற்றினால் நாணயம் அடங்கும், மறுபடி கிலுங்கினால் சாயா அடிக்கலாம். ஐந்து பைசா செலவில் செய்த ஹார்ட்பீட். இதில் மௌனம் என்பதே எச்சரிக்கை. காசு பழுதாகாது, கசியாது, அடைத்துக்கொள்ளாது.

மில்க் குக்கரையும் இங்கே சேர்க்க வேண்டும். இரட்டைச் சுவர்ப் பாத்திரம், நடுவில் தண்ணி, பக்கத்தில் ஒரு விசில். நம்ம நாட்டு வீடுகளில் உண்மையில் புழங்கும் விசில் கெட்டில் இதுதான் என்பேன். தண்ணி கொதித்தாலும் 100 டிகிரியைத் தாண்டாது, உள்ளே பாலும் தாண்டாது, எனவே பொங்கி வழிவதில்லை. ஒரு நல்ல யோசனை. ஆனால் சுவர்த் தண்ணி வற்றினால் விசிலும் நின்றுவிடும், அதே ஓட்டை.

டான் நார்மன் 1988-ல் எழுதிய, பின்னாளில் "தி டிசைன் ஆஃப் எவ்ரிடே திங்ஸ்" என்று பெயர் பெற்ற புத்தகத்தில், பொருட்கள் ஒலியால் தகவல் சொல்வதற்கு நல்ல உதாரணங்களில் ஒன்றாகக் கெட்டில் விசிலையும் சேர்த்திருக்கிறார். நான் மதிக்கும் புத்தகம். இந்த இடத்தில் மட்டும் உடன்பட முடியவில்லை. கெட்டில் விசில் தகவலில் பாதியைத்தான் சொல்கிறது. கொதித்ததைச் சொல்லும், வற்றுவதைச் சொல்லாது. ஆபத்து இரண்டாவதில்தான் இருக்கிறது.

எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்று அதே 1 கிலோவாட் கணக்கில் பாருங்கள். 28 டிகிரித் தண்ணி ஒரு லிட்டர் கொதிக்க 5 நிமிஷம். கொதித்த பின் முழுவதும் வற்ற சுமார் 38 நிமிஷம். நிறையத்தான். ஆனால் அம்மா வைப்பது ஒரு லிட்டரா? இரண்டு டம்ளர், 300 மில்லி. அது ஒன்றரை நிமிஷத்தில் கொதிக்கும், 11 நிமிஷத்தில் வற்றும். அடுப்பு இன்னும் பெரிதாக எரிந்தால் அதற்கும் முன்பே. வற்றிய பிறகு எவர்சில்வர் அடி நீலமும் பொன்னுமாக நிறம் மாறும். அது வெறும் ஆக்சைடு படலம், கெடுதல் இல்லை. ஆனால் பல கெட்டில்களின் அடியில் வெப்பம் பரவ அலுமினியத் தட்டு வைத்து மூடியிருப்பார்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும், அதற்கு முன்பே தட்டு பிரிந்து வரலாம். காய்ந்த கெட்டிலில் உடனே பச்சைத் தண்ணி ஊற்றுவதும் ஆபத்து. அடுப்பை அணைத்துவிட்டுத் தானாக ஆற விடுங்கள்.

எனவே என் பரிந்துரை: வயசானவர்கள் இருக்கும் வீட்டில், தேவை இரண்டு டம்ளராக இருந்தாலும் கெட்டிலில் அரை லிட்டராவது வையுங்கள். மிச்சத்தைப் பிளாஸ்கில் ஊற்றலாம். கூடுதலாக ஆகும் கேஸ் கொஞ்சம்தான், கிடைக்கும் அவகாசம் 19 நிமிஷம்.

தண்ணியும் படிவும்

பராமரிப்பு என்றதும் எல்லோரும் வெள்ளைப் படிவத்தைத்தான் பேசுவார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடு பட்டதும் கால்சியம் கார்பனேட்டாக அடியில் படியும். சுக்கான் பாறையும் தலையூத்துச் சுண்ணாம்புக் கல்லும் இதே சரக்குதான். அந்தக் கல்லை நம்பித்தான் இந்தியா சிமெண்ட்ஸ் 1949-ல் அங்கே ஆலையைத் தொடங்கியது.

எங்க பகுதியில் தண்ணிக்குத் தண்ணி வித்தியாசம். மலையிலிருந்து இறங்கும் சிற்றாற்றுத் தண்ணி, தாமிரபரணித் தண்ணி இரண்டும் மென்மையானவை. கிழக்கே சமவெளியில் போர் போட்டால் பல இடங்களில் சோப்பு நுரைக்காது. இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு வழியில்லாவிட்டால் 600 வரை அனுமதிக்கிறது. 600 உள்ள தண்ணியைத் தினமும் கொதிக்க வைத்தால் கெட்டில் சீக்கிரமே சுண்ணாம்புக் காளவாசல் மாதிரி ஆகிவிடும். மூடியில்லாக் கெட்டில் பற்றி மேலே சொன்னதற்கு இங்கே முடிவு சொல்லலாம். ஆற்றுத் தண்ணி வரும் வீட்டுக்கு அது பொருந்தும். போர் தண்ணி வீட்டுக்கு, கை உள்ளே போகும் அகல வாய்தான் சரி.

படிவம் படிந்தால் கேஸ் ஏகமாக வீணாகும் என்று வழிகாட்டிகள் பயமுறுத்துகின்றன. கணக்குப் போட்டால் அவ்வளவு இல்லை. 18 சென்டிமீட்டர் அடிக்கு 1 மில்லிமீட்டர் படிவம் என்றால் உலோகம் ஏறக்குறைய 40 டிகிரி கூடுதலாகச் சூடாக வேண்டியிருக்கும். ஆயிரம் டிகிரிக்கு மேல் எரியும் சுவாலைக்கு முன்னால் அது சின்ன வித்தியாசம், கேஸ் செலவில் சில சதவீதம் இருந்தால் அதிகம். படிவத்தால் வரும் நிஜமான கெடுதல்கள் வேறு. டம்ளரில் செதில் மிதக்கும். மூடி விளிம்பில் படிந்தால் மூடி உட்காராது. விசில் துளையில் படிந்தால் சுருதி மாறும் அல்லது நின்றுவிடும். ஆவியில் உப்பு போகாதே, விசிலில் எப்படிப் படியும் என்று கேட்கலாம். தண்ணியை மூக்கு மட்டத்துக்கு மேல் நிரப்பினால் கொதிக்கும்போது துளிகள் தெறித்து விசிலுக்குள் போகும், அங்கே காயும். உள்ளே போட்டிருக்கும் உயர்மட்டக் கோடு விசிலைக் காப்பாற்றவும்தான்.

படிவத்தை எடுக்க: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணியில் ஒரு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். அரை மணி நேரம் ஊற விட்டுக் கழுவுங்கள். கொதிக்க வைக்க வேண்டாம், சூடு ஏறினால் கால்சியம் சிட்ரேட் கரையாமல் திரும்பப் படியும். விசிலும் மூடி விளிம்பும் அதே தண்ணியில் ஊறட்டும். வினிகரும் வேலை செய்யும், வாசனை போக நாளாகும். புளி? செம்பு, பித்தளையின் கறைக்குப் புளியை மிஞ்ச ஆளில்லை. ஆனால் புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், அது கால்சியத்தோடு சேர்ந்தால் கரையாத உப்பாகிவிடும். எனவே வெளியே பளபளப்புக்குப் புளி, உள்ளே படிவத்துக்கு எலுமிச்சை. பாத்ரூம் ஆசிட், பிளீச்சிங் பவுடர் இரண்டும் கெட்டில் பக்கமே வரக் கூடாது. குளோரைடு எவர்சில்வரில் குழி விழ வைக்கும், இரண்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும். போர் தண்ணியை ராத்திரி முழுக்க உள்ளே தேக்கி வைக்கவும் வேண்டாம்.

இன்டக்ஷன் அடுப்பு என்றால் கடைக்கு ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். அடியில் ஒட்டினால் வேலை செய்யும். கேஸ் அடுப்பு என்றால் அடியை விட அகலமாகச் சுவாலை போகக் கூடாது, கைப்பிடியின் பேக்லைட் கருகும்.

தீர்ப்பு

விசில் கெட்டில் மோசமான பொருள் என்று சொல்ல வரவில்லை. கெட்டியாக உட்காரும் மூடி, கையை ஆவியில் சுடாமல் திறக்கும் மூக்கு, உங்க வீட்டில் காது மந்தமானவருக்கும் கேட்கும் சுருதி, தண்ணிக்கேற்ற வாய் அகலம் ஆகிய நான்கும் சரியாக இருந்தால் தாராளமாக வாங்கலாம். லிட்டரும் நிறமும் அதற்கப்புறம். மாதத்துக்கு ஒரு தரம், முழுச் சுவாலையில் வைத்து, யாருக்காக வாங்கினீர்களோ அவரை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார வைத்து, கேட்கிறதா என்று பாருங்கள். கெட்டிலுக்கு மட்டுமான சோதனை இல்லை அது, காதுக்கும்தான்.

எங்க வீட்டில் அந்தக் கெட்டில் இப்போது என்னுடைய கட்டன் சாயாவுக்கு. அம்மா வெந்நீர் வைப்பது குக்கர் பக்கத்தில் ஒரு எவர்சில்வர் சட்டியில், தளதளக்கும் வரை பக்கத்திலேயே நின்று. சீசன் முடிவதற்குள் தானாக அணையும் மின்சாரக் கெட்டில் ஒன்று வாங்க வேண்டும். அதற்கு ஊதத் தெரியாது. ஆனால் தண்ணி கொதித்ததும் யாரையும் கூப்பிடாமல் தன்னை அணைத்துக்கொள்ளும். 74 வயசுக்காரரை ஓடிவரச் சொல்லும் பொருளை விட அது மரியாதை தெரிந்த பொருள்.